பஞ்சில் நனைத்த தண்ணீர்: செங்கோட்டையில் ஒரு பொமரேனியன் குட்டிக்கு வந்த சர்க்கரைத் தாழ்வு (நிகழ்வு ஆய்வு)

ஆனி மாதத்தின் கடைசி வாரம், செங்கோட்டையில் சாரல் மூன்று நாட்களாக விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, விடியற்காலை ஐந்தே கால் மணிக்கு ஒரு பெண் பொமரேனியன் குட்டியைப் பூத்துண்டில் சுற்றி என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். துண்டை விலக்கிப் பார்த்தபோது கழுத்து பின்னோக்கி வளைந்து, முன்னங்கால்கள் விறைத்து, பின்னங்கால்கள் மட்டும் நீந்துவதுபோல் அசைந்துகொண்டிருந்தன. குட்டியின் விலாவுக்குப் பக்கத்தில் ஒரு சாவிக்கொத்து இருந்தது. வலிப்பு வந்த மனிதரின் கையில் இரும்பைக் கொடுக்கும் வழக்கத்தை, பிடித்துக்கொள்ள விரல் இல்லாத இந்த உயிருக்கும் யாரோ செய்து பார்த்திருந்தார்கள். கால்நடை மருத்துவரான எனக்கு இவ்வட்டாரத்தில் வரும் வேலை பெரும்பாலும் கறவை மாடும் வெள்ளாடும்தான். மாட்டுக்கு மருந்து கணக்கிட்டுப் பழகிய கைக்கு, சமையலறைத் தராசில் 540 கிராம் காட்டிய அந்தக் குட்டி கொஞ்சம் நடுக்கத்தைத் தந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

வரலாறு

குட்டியை வாங்கியவர் செங்கோட்டையில் கடை வைத்திருப்பவர். வீட்டில் அவர், மனைவி, பள்ளி செல்லும் இரு பிள்ளைகள், எண்பதை நெருங்கும் தாயார் ஆகியோர் இருக்கிறார்கள். சனிக்கிழமை நண்பகலில் கொட்டாரக்கரைப் பக்கத்தில் ஒருவரிடம் குட்டியை வாங்கி, புனலூர், தென்மலை, ஆரியங்காவு வழியாகக் காரில் மலையேறி இறங்கி மாலையில் வீடு சேர்ந்திருக்கிறார்கள். வளைவுகளில் குட்டி இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறது. காரில் ஏசி ஓடியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் வாந்தி நாற்றம் போகவேண்டும் என்று குளிப்பாட்டி, தேங்காய்ப்பூத் துண்டால் துவட்டி, டைல்ஸ் தரையில் விட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் பிள்ளைகளும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் மாறி மாறித் தூக்கி விளையாடியிருக்கிறார்கள்.

உணவைப் பற்றி நான் மூன்று முறை கேட்டேன், ஏனெனில் "நல்லாச் சாப்பிட்டுச்சு" என்ற முதல் பதில் மருத்துவருக்கு எதையும் சொல்வதில்லை. துருவிக் கேட்டதில், காலையில் ஒரு முறை, மாலை ஏழு மணிக்கு ஒரு முறை, பசும்பாலில் கரைத்த குழந்தைக் கஞ்சி கொடுத்ததாகத் தெரிந்தது. முன்பு அவர்கள் வளர்த்த நாட்டு நாய்க்கு இரண்டு வேளைச் சோறு வைத்த பழக்கத்தில், இதற்கும் இரண்டு வேளை போதும் என்று நினைத்திருக்கிறார்கள். ஞாயிறு மாலையிலிருந்தே குட்டி சற்றுச் சோர்ந்து, தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்ததால், வீட்டம்மா விற்றவருக்குப் போன் செய்திருக்கிறார். அவர் சொன்னபடி பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவ்வப்போது வாயில் பிழிந்ததாகச் சொன்னார். நான் அதைக் குறித்துக்கொண்டேன், அதற்குமேல் யோசிக்கவில்லை. அதிகாலை நாலரை மணிக்கு முனகல் கேட்டு எழுந்து பார்த்தபோது குட்டி விறைத்துக் கிடந்தது. அப்போது பதறிப்போய் சங்கால் பாலும் புகட்டியிருக்கிறார்கள்.

கடைசி உணவுக்கும் வலிப்புக்கும் இடையில் ஒன்பதரை மணி நேரம். இந்த ஓர் எண்ணே ஏறக்குறைய நோயைச் சொல்லிவிட்டது.

பரிசோதனையும் முதல் ஒரு மணி நேரமும்

உடல் வெப்பம் 94.6 டிகிரி பாரன்ஹீட். நாய்க்கு இயல்பாக இருக்கவேண்டியது 101 முதல் 102.5 வரை. ஈறுகள் வெளுத்து ஈரமற்றிருந்தன. இதயத் துடிப்பு, இந்த வயதுக்குரிய வேகமின்றி மந்தமாக இருந்தது. வலது நுரையீரலின் முன்பகுதியில் மெல்லிய கரகரப்பு கேட்டது. சங்கால் ஊற்றிய பாலில் கொஞ்சம் அங்கே போயிருக்க வேண்டும். வயிறு மட்டும் உப்பியிருந்தது. தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் படிந்தது.

காது மடலின் ஓரத்தில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைக் குளுக்கோமீட்டரில் வைத்தபோது 31 என்று காட்டியது. மனிதருக்கான இந்தக் கருவிகள் நாயின் ரத்தத்தில் பெரும்பாலும் உண்மை அளவைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும். நாயின் ரத்தத்தில் சர்க்கரையில் பெரும்பங்கு சிவப்பணுக்களுக்குள் அல்லாமல் நீர்ப்பகுதியில் இருப்பதும், கருவியின் கணக்கு மனித ரத்தத்தை ஒட்டி அமைக்கப்பட்டிருப்பதும் அதற்குக் காரணம். ஆகவே 31 என்பது 40 ஆகவும் இருந்திருக்கலாம். ஆனால் டெசிலிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே தாழ்வு என்று கொள்ளப்படும் நிலையில், எதிரே குட்டி வலிப்பில் கிடக்கும்போது, ஆய்வகத் துல்லியத்துக்காகக் காத்திருப்பதில் பொருளில்லை.

ஊசி தயாராகும்வரை ஈறுகளிலும் நாக்கின் அடியிலும் தேனை விரலால் தடவினேன். வாயில் ஊற்றவில்லை, தடவ மட்டுமே செய்தேன். விழுங்க முடியாத உயிருக்கு ஊற்றுவது எதுவும் மூச்சுக்குழாய்க்குத்தான் போகும். பச்சிளங்குழந்தைகளுக்குப் பயன்படும் 26 அளவு கேனுலா என்னும் மெல்லிய ஊசிக்குழாயை முன்னங்கால் நரம்பில் இரண்டாம் முயற்சியில் செலுத்த முடிந்தது. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஒரு மில்லியை அதே அளவு சலைனில் கலந்து, ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாக ஏற்றினேன். அது எடைக்கு ஏறத்தாழ கிலோவுக்கு அரை கிராம் சர்க்கரை. செறிவு மிகுந்த சர்க்கரைக் கரைசலை நீர்க்கச் செய்யாமல் அவசரத்தில் ஏற்றினால் இவ்வளவு மெல்லிய நரம்பு புண்ணாகிவிடும்.

மூன்றாம் நிமிடத்தில் நீந்திய கால்கள் நின்றன. பத்தாம் நிமிடத்தில் குட்டி தலையைத் தூக்கிப் பார்த்தது. கால் மணி நேரத்தில் அளவு 84. வலிப்பை அடக்கும் டயஸிபாம் ஊசியை எடுத்து வைத்திருந்தேன், அது தேவைப்படவில்லை. அதன்பின் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கலந்த டிரிப்பை, குழந்தைகளுக்கான பியூரெட் வழியாக நிமிடத்துக்கு மூன்று சொட்டு வீதம் விட்டேன். அந்தக் குழாயில் அறுபது சொட்டு ஒரு மில்லி என்பதால், மணிக்கு மூன்று மில்லி மட்டுமே உள்ளே போனது. மாட்டுக்குப் பாட்டில் பாட்டிலாக ஏற்றும் இடத்தில் அந்த மூன்று சொட்டுகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து உதவியாளர் சிரித்துவிட்டார்.

உடலைச் சூடேற்றுவதை அவசரப்படுத்தவில்லை. வெந்நீர்ப் பாட்டில்களைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தேன். சூடு மிகுந்தால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். உடல் வெப்பம் 97-ஐத் தாண்டும்வரை வாய்வழி எதையும் கொடுக்கவில்லை. குளிர்ந்த உடலில் குடல் அசையாது. அதில் உணவை இறக்கினால் அது செரிக்காமல் கிடந்து வாந்தியாகித் திரும்பும். காலை எட்டரை மணிக்கு, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மசித்த குட்டித்தீனி ஒரு தேக்கரண்டியைத் தானே நக்கிச் சாப்பிட்டது. நுரையீரல் கரகரப்புக்காக அமாக்ஸிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மருந்தை ஏழு நாட்களுக்குத் தொடங்கினேன். கையோடு கிடைக்கும் என்ரோஃப்ளாக்ஸசினை வளரும் குட்டிகளுக்குக் கொடுப்பதில்லை. அது மூட்டுக் குருத்தெலும்பைப் பாதிக்கும்.

வேறு எதுவாக இருந்திருக்கலாம்

சர்க்கரை ஏற்றியதும் வலிப்பு நின்றது என்பதால் ஆய்வு முடிந்துவிடாது. சர்க்கரை ஏன் இறங்கியது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. அந்த வீட்டில் நான் முதலில் பார்க்கச் சொன்னது, கடைக்காரரின் தாயாரான ஆச்சியின் மாத்திரைப் பெட்டியை. அவர் நீரிழிவுக்காக கிளிமிபிரைடு எடுத்துக்கொள்பவர். கணையத்திலிருந்து இன்சுலினை வெளியேறச் செய்யும் அந்த வகை மாத்திரையில் ஒன்று தரையில் விழுந்து, அதை அரைக்கிலோ குட்டி நக்கியிருந்தாலும் நேற்றிரவு நடந்தது அப்படியே நடக்கும். அப்படியானால் தாழ்வு திரும்பத் திரும்பவும் வரும். அட்டையை எடுத்து எண்ணினார்கள், கணக்கு சரியாக இருந்தது. சைலிட்டால் சேர்ந்த சர்க்கரையில்லா மிட்டாயும் நாய்களுக்கு இதே தாழ்வை உண்டாக்கும் என்பதால் அதையும் கேட்டேன்; வீட்டில் இல்லை என்றார்கள்.

உச்சந்தலையில் எலும்பு மூடாத இடைவெளி விரல்நுனியளவு இருந்தது. பொம்மை இனங்கள் எனப்படும் மிகச்சிறிய நாயினங்களில் இது பரவலாகக் காணப்படுவது, அது மட்டுமே மூளையில் நீர் கோத்திருப்பதற்குச் சான்றாகாது. கண்கள் கீழ்நோக்கிச் சரியவில்லை, தலை உடலுக்கு மிஞ்சிப் பெருத்திருக்கவில்லை. ரத்தம் ஈரலுக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போகும் பிறவி ரத்தக்குழாய்க் கோளாறும் சிற்றினங்களில் உண்டு. சாப்பிட்ட பின் மந்தமாவதும் வளர்ச்சி நின்றுபோவதும் அதன் அடையாளங்கள். இந்தக் குட்டி நேர்மாறாக, சாப்பிட்ட பின்தான் தெளிந்தது. மீண்டும் காரணமின்றித் தாழ்வு வந்தால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவது என்று முடிவு செய்து, அப்போதைக்கு அதை ஒதுக்கி வைத்தேன்.

உப்பிய வயிற்றுக்கு விடை நுண்ணோக்கியில் கிடைத்தது. உப்புக்கரைசலில் மிதக்கவிட்ட மலத்தில் உருளைப்புழுவான டாக்ஸோகாராவின் முட்டைகள் நிறைய இருந்தன. இந்தப் புழு தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டிக்குள் வந்துவிடுகிறது. அதனால்தான் இரண்டாம் வாரத்திலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குடற்புழு மருந்து தரவேண்டும் என்கிறோம். உண்ட கொஞ்சத்திலும் இந்தப் புழுக்கள் பங்கு எடுத்திருக்கின்றன. பிள்ளைகள் உள்ள வீடு என்பதால், குட்டியைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொன்னேன்.

வயதும் எனக்கு ஐயத்தைத் தந்தது. விற்றவர் எட்டு வாரம் என்று சொல்லியிருந்தார். ஆனால் பின்வரிசைப் பால்பற்கள் முழுதாக வெளிவரவில்லை. சிற்றினங்களில் பல் தாமதமாக முளைப்பதுண்டு என்பதால் இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஏழு வாரம் என்பது என் கணிப்பு. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. அந்த ஒரு வார வேறுபாடு பெரிய நாய்க்கு ஒன்றுமில்லை, இதற்கு அது உயிர்ப்பிரச்சினை. "டீகப் பொம்" என்ற பெயரில் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். நாய் இனங்களைப் பதிவு செய்யும் எந்தக் கென்னல் கிளப்பும் அப்படியொரு வகையை ஏற்பதில்லை. மெலிந்த குட்டிக்கும் வயது நிறையாத குட்டிக்கும் அந்தப் பெயர் நல்ல போர்வையாக அமைந்துவிடுகிறது.

ஆச்சி படித்த தாள்

செவ்வாய் மாலை குட்டியை வீட்டுக்கு அனுப்பினேன். புதன்கிழமை பார்வைக்கு வந்தபோது தடுப்பூசி அட்டையைக் கேட்டேன். அட்டையோடு மடித்த ஒரு தாளும் மேசையில் விழுந்தது. முழுவதும் மலையாளத்தில் கையால் எழுதிய தாள். கடைக்காரரும் மனைவியும் மலையாளம் பேசினால் ஓரளவு புரிந்துகொள்வார்கள், ஆனால் எழுத்து தெரியாது, எனக்கும் அப்படித்தான். அது ஏதோ பில் என்றே வீட்டில் நினைத்திருந்தார்கள். உடன் வந்திருந்த ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இங்க கொண்டா தம்பி" என்று வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார். 1956 நவம்பர் 1ஆம் நாள் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. அதுவரை திருவிதாங்கூர்–கொச்சி அரசின் கீழிருந்த ஊரில், பள்ளியில் மலையாளமும் படித்தவர். அதன்பின் அந்த எழுத்தைப் படிக்கும் தேவையே வரவில்லை என்றார்.

தாளில் இருந்தது இது: ஒரு நாளைக்கு ஐந்து முறை உணவு, அதில் ஒன்று படுக்கும் முன்பு, மூன்றாம் தடுப்பூசி முடியும்வரை குளிப்பாட்டக் கூடாது, பசும்பால் கூடாது, சோர்வு தெரிந்தால் "பஞ்சசார வெள்ளம்" கொடுக்கவேண்டும். கடைசி வரியை ஆச்சி படித்ததும் மருமகள் முகம் மாறியது. அவர் சிவகாசிப் பக்கத்தில் பிறந்து இங்கே வாழ வந்தவர். வெள்ளம் என்றால் தண்ணீர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. போனில் கேட்ட "பஞ்சசார" அவர் காதில் பஞ்சு என்று விழுந்திருக்கிறது. சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னதைத்தான், பஞ்சில் நனைத்த தண்ணீராக இரவெல்லாம் பிழிந்து கொடுத்திருக்கிறார்.

அவர் மீது பழிபோட யாருக்கும் மனம் வரவில்லை, எனக்கும் வரக்கூடாது. பஞ்சு என்று அவர் திங்கட்கிழமையே என்னிடம் சொல்லியிருந்தார். யார் ஒரு சோர்ந்த குட்டிக்கு வெறும் தண்ணீரைப் பஞ்சில் கொடுக்கச் சொல்வார்கள் என்று அன்று நான் கேட்டிருக்கவேண்டும். விற்றவர் தந்த தாள்களையெல்லாம் கொண்டுவாருங்கள் என்றும் கேட்கவில்லை. மூன்று நாட்களாக நான் பெரிய அறிவுரையாகச் சொன்னதில் பாதி, அவர்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்திருக்கிறது. வயதைக் கூட்டிச் சொன்னவர் என்று நான் ஐயுற்ற அதே மனிதர்தான் இந்தத் தாளையும் எழுதியிருக்கிறார் என்பதையும் பதிவு செய்யவேண்டும்.

ஏன் இந்தக் குட்டிக்கு மட்டும்

அவர்களின் பழைய நாட்டு நாய் ஒரு நாள் பட்டினி கிடந்தாலும் அதன் சர்க்கரை இறங்கியிருக்காது. வளர்ந்த நாயின் ஈரலில் கிளைகோஜன் என்னும் சேமிப்பு போதுமான அளவு இருக்கும். அது தீர்ந்தாலும் தசையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் எரிபொருளைத் திரட்டிக்கொள்ளும். அரைக்கிலோ குட்டிக்கு ஈரலும் சிறிது, தசையும் சிறிது, கொழுப்போ இல்லையென்றே சொல்லலாம். புதிதாகச் சர்க்கரையை உருவாக்கும் ஈரலின் திறனும் இன்னும் முதிர்ந்திருக்காது. ஆனால் உடலோடு ஒப்பிட்டால் மூளை பெரிது, அது இடைவிடாது சர்க்கரையைத்தான் கேட்கும். எடைக்கு மேற்பரப்பு அதிகம் என்பதால் உடற்சூடு விரைந்து வெளியேறும். அதை ஈடுகட்டவும் சர்க்கரைதான் எரியவேண்டும். பெட்டிக்கடையில் அரிசி வாங்கி அன்றன்று பொங்கும் வீட்டுக்கும் பத்தாயம் நிறைய நெல் வைத்திருக்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு இது.

இந்த நிகழ்வில் மலைப்பாதை வாந்தி, ஏசி, குளியல், சாரல் குளிர், டைல்ஸ் தரை, நாள் முழுதும் விளையாட்டு, பால் குடித்ததால் இளகிய மலம், புழு என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டன. இவற்றில் எதுவும் தனியாக அந்தக் குட்டியை வீழ்த்தியிருக்காது. ஒன்பதரை மணி நேர இடைவெளிதான் கடைசியாகக் கதவைச் சாத்தியது.

ஆகவே நான் எழுதிக் கொடுத்த முறையில் மருந்தைவிட மணிக்கணக்கே முதன்மையாக இருந்தது. பன்னிரண்டு வாரம் நிறையும்வரை பகலில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையும், இரவு பதினொன்றுக்கும், முதல் இரண்டு வாரங்களுக்கு மட்டும் அதிகாலை இரண்டு மணிக்கும் உணவு. ஊறவைத்த குட்டித்தீனி முதன்மை. வேகவைத்த கோழியோ முட்டையோ கொஞ்சம். தேனோ சர்க்கரைக் கரைசலோ தற்காலிகமாகத் தாங்கிப்பிடிக்கும் முட்டுக்கொடுப்பு மட்டுமே; அதைத் தடவிய பின் அரை மணிக்குள் உணவு போகவேண்டும். வெறும் சர்க்கரையை அடிக்கடி கொடுத்தால் அதற்குப் பதிலாகச் சுரக்கும் இன்சுலின், ரத்தச் சர்க்கரையை மறுபடி கீழே இழுத்துவிடும். விளையாட்டு ஒரு முறைக்குக் கால் மணி நேரம், பிறகு தூக்கம். சோபாவிலோ கட்டிலிலோ தனியாக விடக் கூடாது. இந்த இனங்களின் முன்னங்கால் எலும்பு அந்த உயரத்திலிருந்து குதித்தாலே முறியக்கூடும். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை. பார்வோ என்னும் குடல் வைரஸ் நோய்க்கான தடுப்பூசியை உடல் தேறிய பின் தொடங்கி, பதினாறு வாரம் நிறையும்வரை மூன்று வாரத்துக்கு ஒன்றாகப் போட்டு, மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசியைத் தனியாக ஒரு நாளில் போடுவது என்று வகுத்தேன். சிறிய உடலில் பல ஊசிகளை ஒரே நாளில் போடும்போது ஒவ்வாமை வரும் வாய்ப்பு கூடுகிறது. தடுப்பூசிகள் முடியும்வரை தெருத்தரையில் கால் படக் கூடாது.

பின்தொடர்ந்தவை

இரண்டு மணி உணவை ஆச்சி ஏற்றுக்கொண்டார். "எனக்கு அந்நேரம் எப்படியும் முழிப்புத்தான், அதுவும் முழிச்சிக்கிடட்டும்" என்றார். பதினொன்றாம் நாள், ஆடிப் பிறப்புக்கு வந்து தங்கியிருந்த உறவினர் பிள்ளைகள் பகல் உணவு நேரம் தாண்டியும் குட்டியோடு விளையாடியிருக்கிறார்கள். குட்டி தள்ளாடி நடந்ததை முதலில் கவனித்தவர் ஆச்சிதான். நான் போனை எடுப்பதற்குள் தன்னுடைய சுகர் மெஷினில் குட்டியின் காதில் குத்திப் பார்த்து 52 என்று சொன்னார். ஈறில் சர்க்கரைக் கரைசல் தடவி, பத்து நிமிடத்தில் உணவும் கொடுத்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது 96. காரணம் தெளிவாக இருந்ததால் திருநெல்வேலிக்கு அனுப்பவில்லை. அதன்பின் தாழ்வு வரவில்லை. மூன்றாம் வாரத்தில் எடை 730 கிராம், மலத்தில் புழு முட்டை இல்லை, நுரையீரல் தெளிவு.

ஆறரை மாதத்தில் 1.7 கிலோ எடையோடு வந்தபோது, நிரந்தரக் கோரைப்பல் முளைத்தும் பால்கோரை விழாமல் இரட்டை வரிசையாக நின்றது. சிற்றினங்களில் இது வழக்கமானது. மயக்கம் கொடுத்து எடுக்கவேண்டும். அறுவைக்கு நாள் குறித்து, முதல் நாள் என்ன செய்யவேண்டும் என்று சொல்லத் தொடங்குமுன் ஆச்சி இடைமறித்து, "எத்தனை மணி நேரம் பட்டினி போடணும்?" என்று கேட்டார். பெரிய நாய்க்கு இரவு முழுதும் என்று சொல்வது வழக்கம். இதற்கு இரண்டு மணி நேரம் போதும் என்றும், டிரிப்பில் டெக்ஸ்ட்ரோஸ் இருக்கும், அரை மணிக்கு ஒரு முறை காதில் குத்திப் பார்ப்பேன் என்றும் சொன்னேன். அவர் பையிலிருந்து அந்த மலையாளத் தாளை எடுத்து, பின்பக்கத்தில் தமிழில் எழுதி வைத்திருந்த வரிகளுக்குக் கீழே "2 மணி" என்று குறித்துக்கொண்ட பிறகுதான் மருமகளைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.